தெரியாத சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 



உதவித்தொகை வாங்க வந்த இடத்தில் செயலாளர் நீளமாகப் பேசினால் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் தெரியும். ஆனால் இன்று காசோலையோடு சேர்த்து இன்னொன்றையும் உங்கள் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் என் தவறு ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் நான் சொல்லாத விஷயம் அது.

1996-ஆம் ஆண்டு. மதரஸாவில் ஓதி முடித்து, பிறகு கல்லூரியிலும் பட்டம் வாங்கி, ஒரு தனியார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மாதச் சம்பளம் 1,900 ரூபாய். தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். "அவர் ரெண்டும் படிச்சவர்" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

தையல் கடை வைத்திருந்த காக்கா ஒருவர் இரண்டு பவர் மெஷின்களைத் தவணைக்கு எடுத்தார். விலை 36 ஆயிரம். முன்பணம் 6 ஆயிரம் போக, மீதி 30 ஆயிரத்தை மாதம் 1,250 வீதம் 24 தவணைகளில் கட்ட வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு பக்கப் படிவம். கடைசிப் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருந்தது: 'ஷூரிட்டி'.

எனக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் 'ஷூர்' தெரியும். நிச்சயம் என்று பொருள். ஆக, இவர் நம்பிக்கையான ஆள்தான் என்று உறுதி சொல்லும் சாட்சிக் கையெழுத்து என்று நானே ஒரு பொருளை உண்டாக்கிக்கொண்டேன். எதிரே இருந்தவரிடம் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டும் படித்தவன் எப்படிக் கேட்பான்? வீட்டில் அகராதி இருந்தது. அதை எடுத்துப் பார்க்கும்வரை பேனாவை மூடி வைக்க எனக்குப் பொறுமை இல்லை.

அந்தக் காக்கா நல்ல மனிதர்தான். ஏழு தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு கடை நொடித்துப்போய் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. மீதி 17 தவணை, 21,250 ரூபாய். கேட்டு என் வாசலுக்கு வந்தார்கள். அன்றைக்குத்தான் அகராதியைத் திறந்தேன். 'ஷூரிட்டி' என்றால் ஜாமீன்தாரர். கடன் பட்டவர் கட்டாவிட்டால் தானே கட்டுவதாகப் பொறுப்பேற்றவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரை, கடன் பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. என் வீட்டாரின் கழுத்துச் சங்கிலி அந்த வாரமே கடைக்குப் போனது.

இதில் எனக்கு அதிகம் வலித்தது பணம் அல்ல. மதரஸாவில் ஃபிக்ஹு கிதாபில் 'ளமான்' என்று ஒரு பாடம் உண்டு. ஒருவர் மற்றவருடைய கடனுக்குப் பொறுப்பேற்பது பற்றிய பாடம். கடன் கொடுத்தவர் கடனாளியிடமும் கேட்கலாம், பொறுப்பேற்ற 'ளாமின்' இடமும் கேட்கலாம் என்று உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து ஓதியவன் நான். அந்த 'ளாமின்'தான் பாரசீகம், உருது வழியாக நம் தமிழுக்கு வந்து 'ஜாமீன்' ஆனது. அரபியில் தெரியும், தமிழில் தெரியும். அதே ஆள் ஆங்கிலச் சட்டை போட்டு எதிரே வந்தபோது அடையாளம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன் நம் உதவித்தொகையில் படிக்கும் மாணவி ஒருவர் தன் உம்மாவோடு அலுவலகத்துக்கு வந்தார். பி.காம். இரண்டாம் ஆண்டு. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இந்த ஆண்டுக்கான படிவத்தைப் பூர்த்தி செய்யாமல் அப்படியே திருப்பித் தந்தார். "மாமா, எனக்கு வேணாம். நான் நின்னுக்கிறேன். வேற பிள்ளைக்குக் கொடுங்க" என்றார்.

என்னம்மா காரணம் என்று கேட்டேன். பையிலிருந்து வணிகச் சட்டப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். பென்சிலால் பதினான்கு வட்டங்கள். "ஒரு பக்கத்துக்குப் பதினாலு வார்த்தை தெரியல மாமா. கிளாஸ்ல எல்லாரும் தலையாட்டுறாங்க. நானும் தலையாட்டிட்டு வந்துடுறேன்" என்றார். அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது வட்டத்துக்குள் இருந்த சொல், 'ஷூரிட்டி'.

சகோதரர்களே, அந்தப் பிள்ளையின் கையில் போன் இருந்தது. இணையம் இருந்தது. முழுப் பக்கத்தையும் படம் பிடித்து மொழிபெயர்க்கவும் செய்திருக்கிறார். வந்தது தமிழ் எழுத்துதான், ஆனால் தமிழ் அல்ல. 'கன்சிடரேஷன்' என்ற சொல்லுக்கு 'பரிசீலனை' என்று வந்திருந்தது. பரிசீலனை இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று படித்தால் யாருக்கு என்ன புரியும்? ஒப்பந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது. பிரதிபலன் என்போம். சட்டத் தமிழில் மறுபயன் என்று எழுதுகிறார்கள். நான் பேனா தருகிறேன், நீங்கள் பத்து ரூபாய் தருகிறீர்கள். உங்களுக்குப் பேனா, எனக்குப் பத்து ரூபாய். அவ்வளவுதான் விஷயம்.

'டிஸ்சார்ஜ்' என்று இன்னொரு வட்டம். "ஜாமீன்தாரர் எப்போது டிஸ்சார்ஜ் ஆகிறார்?" என்பது கேள்வி. "ஆஸ்பத்திரியிலிருந்தா மாமா?" என்று கேட்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். பொறுப்பிலிருந்து விடுபடுவது என்பது அங்கே பொருள். ஆஸ்பத்திரியிலும் அதே வேர்தான், விடுவிப்பது.

ஆக, அகராதி இல்லாததல்ல குறை. சரியான கருவியும் அதைப் பயன்படுத்தும் முறையும் இல்லாததுதான் குறை. இன்று உங்கள் கையில் கொடுக்க நினைப்பது அதைத்தான்.

தெரியாது என்பது இழிவல்ல

முதலில் மனத்தைச் சரிசெய்வோம். தெரியாத சொல்லுக்கு அரபியில் 'கரீப்' என்று பெயர். கரீப் என்றால் ஊருக்குப் புதியவர், அந்நியர். குர்ஆனில் வரும் அப்படிப்பட்ட சொற்களை விளக்குவதற்கென்றே நம் முன்னோர்கள் தனி நூல்கள் எழுதினார்கள். இமாம் ராகிப் அல் இஸ்ஃபஹானி அவர்களின் 'முஃப்ரதாத்' அவற்றில் புகழ்பெற்றது. ஹதீஸ்களில் வரும் அரிய சொற்களுக்கு அபூ உபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் அவர்கள் எழுதிய நூலுக்காக அவர்கள் நாற்பது ஆண்டுகள் உழைத்ததாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எல்லாருக்கும் எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தால் இந்த நூல்களுக்கே தேவை இருந்திருக்காது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை நாம் 'தர்ஜுமானுல் குர்ஆன்', குர்ஆனின் விளக்கவுரையாளர் என்று போற்றுகிறோம். 'ஃபாதிர்' என்ற சொல் குர்ஆனில் வருகிறது. 35-ஆவது அத்தியாயத்தின் பெயரே அதுதான். இரண்டு கிராமத்து அரபிகள் ஒரு கிணறு யாருக்கு என்ற வழக்கோடு தம்மிடம் வரும்வரை அந்தச் சொல்லின் சரியான பொருள் தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்று அவர்களே சொன்னதாகத் தஃப்ஸீர் நூல்களில் வருகிறது. வந்தவர்களில் ஒருவர், இந்தக் கிணற்றை முதன்முதலில் தோண்டத் தொடங்கியவன் நான்தான் என்று சொல்ல அதே வேர்ச்சொல்லைப் பயன்படுத்தினார். முன்மாதிரி இல்லாமல் ஒன்றைத் தொடங்குவது என்ற பொருள் அவர்களுக்கு அப்போது விளங்கியது.

எவ்வளவு பெரிய அறிஞர்! தெரியாமல் இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வழக்குக்கு வந்த கிராமத்தாரின் பேச்சிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் அச்சான பழைய கிதாபுகளில் ஓரத்தில் 'ஹாஷியா' இருக்கும். வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் கடினமான சொல்லுக்குப் பொருள் இருக்கும். அதற்கு 'பைனஸ் ஸுதூர்' என்று பெயர், வரிகளுக்கு இடையில் இருப்பது. கண்ணை எடுக்காமல், பக்கத்தைப் புரட்டாமல், சொல்லுக்கு அடியிலேயே பொருள். நான் இப்போது சொல்லப்போகும் கணினிக் கருவிகள் செய்வதும் இதே வேலைதான். எந்தப் புத்தகத்துக்கும் நாமே ஒரு பைனஸ் ஸுதூர் போட்டுக்கொள்ளலாம்.

இலவசமும் கட்டற்றதும்

கருவிகளின் பெயருக்குப் போகுமுன் ஒரு வேறுபாடு. போனில் அகராதி என்று தேடினால் நூற்றுக்கணக்கான செயலிகள் வரும். பல இலவசம் என்றுதான் சொல்லும். ஆனால் திறந்தால் நாலு பக்கமும் விளம்பரம். சில செயலிகள் நம் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும். சொல்லுக்குப் பொருள் சொல்ல நம் வீட்டார் நம்பர் எதற்கு?

'கட்டற்ற மென்பொருள்' என்பது வேறு. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 'குனூ' என்ற திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் இது. இதன்படி ஒரு மென்பொருளை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். படியெடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம். திருத்தியும் கொடுக்கலாம். இந்த வகையின் முக்கியமான உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: திருத்தி வெளியிடுபவர் அதே உரிமைகளை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது. கேட்கும்போது நமக்கு வக்ஃப் நினைவுக்கு வருகிறது. விற்க முடியாது, வாரிசுரிமை கோர முடியாது, பலன் எல்லாருக்கும். ஹஜ்ரத் அவர்கள் இருக்கிறார்கள், உவமைக்காகத்தான் சொல்கிறேன், மார்க்கச் சட்டப்படி இது வக்ஃப் என்று சொல்லவில்லை.

நமக்கு இதில் என்ன ஆதாயம்? ஒரு கணினியில் போட்டதை ஊரில் நூறு கணினியில் போடலாம். யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், திருட்டுப் பிரதி என்ற பாவமும் இல்லை.

எந்தக் கருவி, எப்படி?

முதலாவது, கணினிக்கு 'கோல்டன்டிக்ட்'. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இது அகராதி அல்ல, அகராதிகளை அடுக்கும் அலமாரி. அகராதிக் கோப்புகளைத் தனியாக இறக்கி ஒரு கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று இதற்குக் காட்டிவிட வேண்டும். பிறகு ஒரு சொல்லைக் கேட்டால் அடுக்கிய அத்தனை அகராதிகளிலும் தேடி ஒரே பக்கத்தில் காட்டும். படித்துக்கொண்டிருக்கும்போது சொல்லைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி 'சி' விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் போதும். சிறிய சன்னல் ஒன்று எழுந்து பொருள் சொல்லும். பார்த்துவிட்டு மூடலாம். படித்த வரி கண்ணெதிரிலேயே இருக்கும்.

நம் படிப்பகக் கணினியில் இதை அமைத்துத் தந்தவர், முன்பு நம்மிடம் உதவி பெற்றுப் படித்து இன்று கணினித் துறையில் இருக்கும் தம்பி ஒருவர். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. 1913-ல் வெளியான வெப்ஸ்டர் ஆங்கில அகராதியை அதில் சேர்த்திருக்கிறார். காப்புரிமைக் காலம் முடிந்த அகராதி அது, எல்லாருக்கும் பொது. பழையது என்று தள்ளிவிடாதீர்கள். 'கன்சிடரேஷன்' என்ற சொல்லை அதில் தேடினால், 'சட்டம்' என்ற அடையாளத்தோடு ஒப்பந்தத்துக்கு உரிய பொருளைத் தனியாகக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பு தவறவிட்ட பொருள், நூறாண்டு தாண்டிய அகராதியில் இருந்தது. இன்றைய ஆங்கிலத்துக்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'வேர்ட்நெட்' என்ற சொற்களஞ்சியமும் சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, 'விக்சனரி'. விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு. பல மொழிகளில் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் அகராதி. தமிழ் விக்சனரியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்பக்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஒரு சொல்லுக்குச் சட்டத்தில் இது, மருத்துவத்தில் இது என்று துறை வாரியாகக் கொடுத்திருக்கும் பக்கங்களும் உண்டு. இணையம் இல்லாத வீடுகளுக்கு 'கிவிக்ஸ்' என்ற செயலி இருக்கிறது. விக்சனரியையும் விக்கிப்பீடியாவையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு டேட்டா தேவையில்லை. நாம் எந்தச் சொல்லைத் தேடினோம் என்பதும் வெளியே போகாது.

மூன்றாவது, போனில் புத்தகம் படிப்பவர்களுக்கு 'கேஓரீடர்'. மின்னூலை இதில் திறந்து, தெரியாத சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பொருள் வரும். கோல்டன்டிக்ட் ஏற்கும் 'ஸ்டார்டிக்ட்' வகை அகராதிக் கோப்புகளை இதுவும் ஏற்கும். ஆக, ஒருமுறை சேர்த்த அகராதியை இரண்டு இடத்திலும் பயன்படுத்தலாம்.

நான்காவது, குர்ஆன் ஓதுபவர்களுக்கு. அரபி அகராதியைப் பயன்படுத்துவதில் ஒரு சிரமம் உண்டு. அச்சகராதிகள் பெரும்பாலும் வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். 'மக்தப்' என்ற சொல்லை 'மீம்' எழுத்தில் தேடினால் கிடைக்காது. காஃப், தா, பா என்ற மூன்றெழுத்து வேரின் கீழ்தான் கிதாப், காதிப், மக்தூப், மக்தப் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கும். வேரைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'குர்ஆனிக் அரபிக் கார்ப்பஸ்' என்ற தளம் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. குர்ஆனின் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் ஒவ்வொன்றுக்கும் வேர் என்ன, பெயரா வினையா, அதே வேர் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று காட்டுகிறது. விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். ஓதத் தெரியும், பொருள் தெரியாது என்று ஏங்குபவர்கள் ஒரு நாளைக்கு ஒரு வேர் கற்றாலும் வருடத்தில் எவ்வளவு சேரும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. நம்மில் பல வீடுகளில் உமறுப் புலவரின் சீறாப்புராணம் அலமாரியில் இருக்கிறது. திறந்தால் தமிழே புரியவில்லை என்று மூடிவிடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. அந்தக் காலத்தில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தால்தான் இலக்கியம் படிக்க முடியும். இன்று எழுத்தைத் தட்டினால் போதும்.

முறை தெரியாமல் கருவி எடுக்காதீர்கள்

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் படிப்பு நகராது. முதலில் பத்தியை முழுதாகப் படியுங்கள். தெரியாததைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு, எந்தச் சொல் இல்லாவிட்டால் கருத்தே புரியாதோ, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதை முதலில் தேடுங்கள். அந்த மாணவியின் பதினான்கு வட்டங்களை இப்படிப் பிரித்தோம். ஐந்து சொற்களுக்குப் பொருள் தெரிந்ததும் மற்ற பலவற்றை அவரே ஊகித்துவிட்டார்.

தேடுவதற்கு முன் இதுவாக இருக்குமோ என்று மனத்தில் ஒரு பொருள் நினையுங்கள். பிறகு பாருங்கள். தப்பாக நினைத்துத் திருத்திக்கொண்ட சொல் எளிதில் மறக்காது. எனக்கு 'ஷூரிட்டி' மறக்கவே இல்லை! ஆனால் அதற்கு நான் கொடுத்த விலையை நீங்கள் கொடுக்க வேண்டாம்.

ஒரு சொல்லுக்கு அகராதி ஐந்து பொருள் காட்டினால் முதல் பொருளை அப்படியே எடுக்காதீர்கள். எந்தப் பொருள் என்று தீர்ப்புச் சொல்வது நீங்கள் படிக்கும் வாக்கியம்தான். அந்தச் சொல்லையும், அது வந்த வாக்கியத்தையும், பொருந்திய பொருளையும் ஒரு நோட்டில் உங்கள் கையால் எழுதுங்கள். விரைவாகக் கிடைத்தது விரைவாகவே மறக்கும். எழுதியது நிற்கும்.

தமிழ்ச் சொல்லைத் தேடும்போது வேற்றுமை உருபை நீக்கிவிட்டுத் தேடுங்கள். 'மரத்தில்' என்று தேடினால் வராமல் போகலாம், 'மரம்' என்று தேடினால் வரும். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்புகளில் பக்கம் வெறும் படமாகத்தான் இருக்கும். அங்கே சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தட்டச்சு செய்து தேடுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மார்க்கச் சட்டம் எடுக்க அகராதி போதாது. ஒரு சொல்லுக்கு மொழியில் ஒரு பொருளும் ஷரீஅத்தில் ஒரு பொருளும் இருக்கும். 'ஸலாத்' என்பதற்கு மொழியில் துஆ என்றும் பொருள் உண்டு. அதை வைத்துக்கொண்டு யாரும் தொழுகைக்கு விளக்கம் சொல்லக் கிளம்பக் கூடாது. ஹஜ்ரத்மார்களிடம் போங்கள். அதுபோல, ஆய்வகத்திலிருந்து வரும் மருத்துவ அறிக்கை. 'நெகட்டிவ்' என்று இருந்ததைப் பார்த்து, கெட்ட செய்தி என்று இரவெல்லாம் அழுத உம்மா ஒருவரை எனக்குத் தெரியும். தேடிய நோய் அந்தச் சோதனையில் தென்படவில்லை என்பதுதான் அதன் பொருள். சொல்லுக்குப் பொருள் பாருங்கள், அழுகை குறையும். ஆனால் முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதை அகராதி கற்றுத்தரும், அவ்வளவுதான்.

மூன்று கோரிக்கைகள்

நிறைவாக உங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, பெற்றோர்களுக்கு. பிள்ளை வந்து "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால், "இதுகூடத் தெரியாதா, இவ்வளவு ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சு என்ன பிரயோஜனம்?" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்தப் பிள்ளை கேட்காது, தலையாட்டக் கற்றுக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத உம்மாவும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

இரண்டு, மாணவர்களுக்கு. நம் படிப்பகத்தில் இரண்டு கணினிகளில் நான் சொன்ன எல்லாம் போட்டுத் தயாராக இருக்கிறது. தினமும் அஸருக்குப் பிறகு இஷா வரை திறந்திருக்கும். பெண்களுக்கு சனி, ஞாயிறு காலை 10 மணி முதல் லுஹர் வரை தனி நேரம். பென்டிரைவ் கொண்டு வந்தால் மென்பொருளையும் அகராதிகளையும் படியெடுத்துத் தருவோம், போனிலும் போட்டுத் தருவோம். மேசை மேல் ஒரு நோட்டு இருக்கும். நீங்கள் தேடிய சொல்லையும் கண்டுபிடித்த பொருளையும் அதில் எழுதி வையுங்கள். பெயர் எழுத வேண்டாம். அடுத்து வரும் பிள்ளை அதைப் பார்த்து, தெரியாதது தனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

மூன்று, எல்லாருக்கும். கடன், தவணை, வாடகை, வெளிநாட்டு வேலை, சொத்து, எந்தப் படிவமாக இருந்தாலும், தெரியாத ஒரு சொல் இருந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்று வாங்கி வாருங்கள். படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அகராதி தீர்க்காததை வக்கீலிடம் கேட்போம். அவசரப்படுத்துபவர் நல்ல எண்ணத்தோடுதான் அவசரப்படுத்துகிறார் என்றாலும் பொறுங்கள். ஒரு நாள் தாமதத்தால் யாரும் கெட்டுப்போவதில்லை. ஒரு சொல்லால் என் வீட்டில் ஒரு சங்கிலி போனது.

அந்த மாணவி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தேர்வு எழுதியிருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் திருப்பித் தந்த படிவத்தை மறு வாரமே வந்து கேட்டு வாங்கி, பூர்த்தி செய்து கொடுத்துவிட்டார். படிப்பக நோட்டின் முதல் பக்கத்தில் முதல் சொல் அவருடையது. இரண்டாவது சொல்லை நான் எழுதினேன். என்ன சொல் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும், கேட்டுக் கற்கும் பணிவையும் நம் அனைவருக்கும் தருவானாக. இந்த உதவித்தொகைக்கு ஸகாத்தும் ஸதகாவும் தந்தவர்களின் பொருளிலும் குடும்பத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.